அளப்பது சரி, தீர்ப்புச் சொல்வது சரியில்லை: ஒரு பணியிட ஆளுமைச் சோதனைச் சேவை பற்றி

பணியாளர்களின் இயல்பை அளந்து சொல்லும் சேவை ஒன்றை எங்கள் அலுவலகம் ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று பரிந்துரைக்க வேண்டிய குழுவில் நானும் ஒருத்தி. உளவியலில் முதுகலை முடித்துவிட்டு மனிதவளப் பிரிவுக்கு வந்தவள் நான். அந்தச் சேவையின் அறிக்கைகளை இங்கே அதிகம் கையாண்டதும் நான்தான். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வார்ப்பில் வரும் சேவைகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவர்கள் விற்பதில் எது தேறும், எது தேறாது என்று தெரிந்தால் வாங்கப் போகிறவர்களுக்குப் போதும்.

கைக்கு வருவது இவைதான். இணையத்தில் 120 வாக்கியங்கள்: எடுத்த வேலையை முடிக்காமல் எழமாட்டேன், புதியவர்களிடம் பேச்சுக் கொடுப்பது எனக்கு எளிது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ‘சற்றும் பொருந்தாது’ முதல் ‘மிகவும் பொருந்தும்’ வரை ஐந்து நிலைகள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எழுதியவருக்கு 28 பக்க அறிக்கை, அவருடைய மேலாளருக்கு நான்கு பக்கச் சுருக்கம், பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டும் ஒரு திரை, மேலாளர்களுக்கு அரைநாள் பயிலரங்கு.

சோதனையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மனிதர்களை வகை வகையாகப் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் வேலையை இது செய்யவில்லை. மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை ஆட்களை 16 வகைகளாகப் பிரிக்கும். அதே ஆள் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகைக்குள் போய் விழுவது ஆய்வுகளில் அடிக்கடி பதிவான விஷயம். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி என்பதற்காக இருவரை எதிரெதிர் மனிதர்களாக்குவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. இந்தச் சேவை ஐந்து பெருங்குணங்களை எடுத்துக்கொள்கிறது: புதியவற்றில் நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனச்சஞ்சலம். ஒவ்வொன்றிலும் ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று நீண்ட கோட்டில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. உளவியலாளர்களிடம் பரவலாக ஏற்புப் பெற்ற அளவுகோல் இது. முர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் 1991-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில் பிரிவுகளிலும் வேலைத் திறனோடு சேர்ந்தே போனது. அளவு பெரிதல்ல, ஆனால் தொடர்ந்து தென்பட்டது.

இந்த அளவுகோல் ஒருவருக்கு எவ்வளவு நன்மை செய்யும் என்பதை எங்கள் ஆவணப் பிரிவில் பார்த்தேன். அங்கே ஒரு தம்பி. வேலையில் ஒரு பிசிறு இருக்காது. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். ஆண்டுதோறும் அப்ரைசலில் ‘கூட்டங்களில் அதிகம் பங்கேற்க வேண்டும்’ என்று ஒரே வரியை மேலாளர் எழுதிக்கொண்டே வந்தார். பேச்சுப் பயிற்சிக்குக்கூட ஒருமுறை அனுப்பினார்கள். அறிக்கையில் கலகலப்பு என்ற கோட்டில் தம்பியின் புள்ளி ஓரத்தில் இருந்தது. இது கூச்சமோ பயமோ இல்லை, அமைதியில் தெம்பு பெறுகிற இயல்பு என்று பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். மேலாளர் அதைப் படித்துவிட்டு, கூட்டத்துக்கு முந்தைய நாள் அவரிடம் கருத்தை எழுத்தில் வாங்க ஆரம்பித்தார். அதன் பிறகு அந்தப் பிரிவு எடுத்த நல்ல முடிவுகள் சிலவற்றின் வேர் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. “அக்கா, இது என் குறை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கு” என்றார் என்னிடம். பிறவியிலேயே வேறுபட்டு வருகிறோம் என்பதை ஒப்புக்கொள்வதில் ஒரு கருணை இருக்கிறது. எல்லோரையும் ஒரே வார்ப்பில் ஊற்ற முயலும் அலுவலகம் அந்தக் கருணையைத் தொலைத்துவிடுகிறது.

இனி மேலாளருக்குப் போகும் நான்கு பக்கச் சுருக்கம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு ‘மாறாத உள்ளியல்பு’, மற்றது ‘பயிற்சியால் மாறக்கூடியது’. ஐந்து பெருங்குணங்களின் மதிப்பெண்கள் எல்லாம் முதல் பத்தியில். மென்பொருள் திறன், மொழித்திறன் போன்றவை இரண்டாவதில். கீழே, இந்த ஆளை எந்த இடத்தில் அமர்த்தலாம், எந்த இடத்தில் அமர்த்தக் கூடாது என்று பரிந்துரை. பயிலரங்கு நடத்த வந்தவர் இதை விளக்கும்போது “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று சொல்லிவிட்டு, இரட்டையர் ஆய்வுகளின் படங்களைக் காட்டினார்.

அந்த ஆய்வுகள் உண்மையானவை, முக்கியமானவை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்ட் 1979-இல் தொடங்கிய ஆய்வு, சிறு வயதிலேயே பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தது. தனித்தனியே வளர்ந்த, ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒருகரு இரட்டையர் குணத்தில் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தார்கள். 2015-இல் போல்டர்மன் குழு அரை நூற்றாண்டு இரட்டையர் ஆய்வுகளை, 2,748 கட்டுரைகளை, 17,804 பண்புகளை ஒன்றாகத் தொகுத்தது. சராசரி மரபுப் பங்கு 49 சதவீதம். குழந்தை வெற்றுப் பலகையாகப் பிறக்கிறது, எழுதுவதெல்லாம் நாம்தான் என்ற எண்ணத்தை இதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் அந்த 49 என்ன சொல்கிறது? என் பொறுமையில் பாதி பெற்றோர் தந்தது, மீதி நானாகச் சேர்த்தது என்று பொருள் கொள்ள முடியாது. தனி ஒருவரைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு, அவர்களுடைய மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதற்கான கணக்கு அது. கூட்டம் மாறினால் எண் மாறும், சூழல் மாறினாலும் மாறும். ஓர் அலுவலகம் எல்லோருக்கும் ஒரே தரமான பயிற்சி, ஒரே வசதி, ஒரே நியாயம் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூழலால் வரும் ஏற்றத்தாழ்வு அங்கே வற்றிப்போகும். மிஞ்சிய வேறுபாட்டில் மரபின் பங்கு தானாகவே உயர்ந்து நிற்கும். சூழல் செய்த வேலை அங்கேதான் மிகப் பெரிது, ஆனால் கணக்கில் அது தெரியாது! மேலாளராக இருப்பவர் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே அரைநாள் பயிலரங்குக்குப் பலன் உண்டு. எங்கள் பயிலரங்கில் இது வரவில்லை.

மரபு வழி வந்தது என்பதால் மாறாது என்றும் ஆகிவிடாது. மருத்துவத்தில் இதற்குத் தெளிவான சான்று பினைல்கீட்டோன்யூரியா என்ற குறைபாடு. ஒற்றை மரபணுவின் பழுதால் வருவது, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேர்வது. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படும். 1950-களில் ஹார்ஸ்ட் பிக்கெல் குழு அந்தக் குழந்தைகளின் உடலால் சிதைக்க முடியாத பினைல்அலனின் என்ற புரதக் கூறு குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்து வழிகாட்டியது. இன்று பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, உணவை மாற்றி, அந்தக் குழந்தையைப் பெரும்பாலும் இயல்பாக வளர்த்துவிட முடிகிறது. காரணம் முழுக்க மரபு; தீர்வு முழுக்கச் சூழல். குணங்கள் ஒற்றை மரபணுவில் அடங்குவன அல்ல, எண்ணற்ற மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்வன. அப்படியிருக்க, மூன்றாம் பக்கத்தின் ‘மாறாத’ என்ற சொல்லுக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்?

குணங்கள் மாறுவதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். பிரெண்ட் ராபர்ட்ஸும் உடனிருந்தவர்களும் 2006-இல், ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுத் தொகுதிகளை எடுத்துப் பார்த்தார்கள். 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட வயதில் பொறுப்புணர்வும் மன நிதானமும் சராசரியாகக் கூடிக்கொண்டு போகின்றன. அதாவது வேலைக்குச் சேர்ந்து, பொறுப்புகள் தலையில் ஏறும் அதே ஆண்டுகளில். வேலையே மனிதரை வார்க்கிறது என்பதை மெல்வின் கோனும் கார்மி ஸ்கூலரும் இன்னும் முன்பே காட்டினார்கள். 1964-இல் தாங்கள் பேட்டி கண்ட ஆண்களில் ஒரு பகுதியினரை 1974-இல் மீண்டும் சந்தித்தார்கள். யோசித்து முடிவெடுக்க வேண்டிய, சிக்கலான வேலையில் இருந்தவர்களின் சிந்தனை வளைந்து கொடுக்கும் தன்மை கூடியிருந்தது. அப்படிப்பட்ட சிந்தனை உள்ளவர்கள் காலப்போக்கில் சிக்கலான வேலைகளுக்குப் போனார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஓடுகிற உறவு இது. ஒருவரைத் தொடர்ந்து யோசனையே தேவைப்படாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து ‘இவருக்கு யோசிக்கும் இயல்பு இல்லை’ என்று எழுதுவது அநியாயம்.

இந்த அநியாயம் எங்கள் அலுவலகத்தில் நடக்க இருந்தது. புகார்ப் பதிவு மேசையில் இருக்கும் பெண்ணுக்குப் பொறுப்புணர்வில் குறைந்த மதிப்பெண். சுருக்கத்தில் ‘கவனக்குறைவு: உள்ளியல்பு’ என்றும், நுணுக்கமான பதிவு வேலைக்கு ஏற்றவர் அல்லர் என்றும் இருந்தது. புகார் எண்கள் மாறிப் பதிவாவது அந்த மேசையில் அடிக்கடி நடந்ததால் மேலாளருக்கும் அது சரியாகவே பட்டது. இடமாற்ற உத்தரவு தயாராகும் நேரத்தில் அந்தப் பெண் மகப்பேறு விடுப்பில் போனார். அவருடைய இடத்துக்கு வந்தவர், எங்கள் தளத்திலேயே பொறுப்புணர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர். சில வாரங்களில் அதே வகைப் பிழைகள், அதே இடங்களில் வர ஆரம்பித்தன. நான் போய் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். புகார் ஒரு திரையில் வருகிறது, அதைப் பதியும் மென்பொருள் இன்னொரு திரையில். பத்து இலக்க எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கையால் அடிக்க வேண்டும். பாதி அடிக்கும்போது தொலைபேசி மணி அடிக்கும். மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் அது தனியே பதிவாகி மாத அறிக்கையில் ஏறும். எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினால் திரை அடுத்த புகாருக்குத் தாவியிருக்கும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எண் மாறும்.

கணினிப் பிரிவிடம் சொல்லி இரண்டு திரைகளையும் இணைத்தார்கள், எண் தானாக ஏறும்படி செய்தார்கள். பிழைகள் கிட்டத்தட்ட நின்றன. விடுப்பு முடிந்து வந்த பெண்ணுக்கும் அப்படியே. அவருடைய பொறுப்புணர்வு மதிப்பெண் குறைவு என்பது பொய்யாகிவிடவில்லை. மற்ற விஷயங்களில் அவர் சற்று அலட்டிக்கொள்ளாதவர்தான். ஆனால் அந்தப் பிழைகளுக்கு அது காரணம் இல்லை. நடத்தை என்பது மனிதரும் சூழலும் சேர்ந்து விளைவிப்பது என்று கர்ட் லெவின் 1936-இலேயே ஒற்றைச் சூத்திரமாக எழுதி வைத்தார். சோதனை அதில் ஒரு பாதியைத்தான் அளக்கிறது. நாற்காலியை அளக்கும் கேள்வி 120-இல் ஒன்றுகூட இல்லை.

பிரிவுகளை ஒப்பிடும் திரையில் இதே சிக்கல் இன்னும் பெரிதாக வருகிறது. எங்கள் பிரிவுகளில் ஒன்று அந்தத் திரையில் மனச்சஞ்சலம் அதிகமாகவும், கலகலப்பும் புதியவற்றில் நாட்டமும் குறைவாகவும் தெரிந்தது. ‘ஆளெடுக்கும் முறையை மறுபரிசீலனை செய்யவும்’ என்று திரையே ஆலோசனை சொன்னது. எங்கள் அலுவலகத்தில் எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வு, ஒரே நேர்காணல் குழு. தேறியவர்களை வரிசைப்படி காலியிடங்களுக்கு அனுப்புகிறோம். அந்தப் பிரிவுக்கு மட்டும் தயங்குகிறவர்கள் போய்ச் சேர வழியே இல்லை. மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970-இல் சொன்ன விதை உதாரணம் இங்கே அப்படியே பொருந்தும். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை விதை எடுத்து, ஒன்றை வளமான மண்ணிலும் மற்றதைச் சத்தில்லாத மண்ணிலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிக்குச் செடி உயர வேறுபாட்டுக்குக் காரணம் விதை. பாத்திக்குப் பாத்தி உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் மண். முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்தப் பிரிவின் மண் எப்படிப்பட்டது என்று அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். தவறைச் சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இருந்தது. எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் எழுதிய கட்டுரையில், நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பதே அதற்கு விளக்கம். 1999-இல் ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் 51 குழுக்களில் அதையே விரிவாகப் பார்த்தார். பேசினால் அடி விழாது என்ற நம்பிக்கை இருக்கும் குழு கற்றுக்கொள்கிறது, அதன் வழியாக வேலையும் நன்றாக நடக்கிறது. எங்கள் அலுவலகத்தின் அந்தப் பிரிவில் மேற்பார்வையாளர் மாறிய பிறகு அங்கிருந்து யோசனைகள் வர ஆரம்பித்தன. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

வேலையில் கிடைக்கும் திருப்தியும் பிறவியிலேயே வருகிறது என்று பயிலரங்கில் சொன்னார்கள். 1989-இல் ரிச்சர்ட் ஆர்வே குழு, தனித்தனியே வளர்ந்த 34 சோடி ஒருகரு இரட்டையரிடம் நடத்திய ஆய்வு அது. மரபுப் பங்கு சுமார் 30 சதவீதம் என்று வந்தது. 34 சோடிகள் என்பதையும், மீதி 70-ஐயும் சொல்லியிருக்க வேண்டும். ‘எங்கே போட்டாலும் முணுமுணுக்கிறவர் முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பார்’ என்று மேலாளர்கள் தலையாட்டிக்கொண்டு எழுந்து போனது எனக்கு வருத்தமாக இருந்தது. முணுமுணுப்பில் காதுகொடுக்க வேண்டிய செய்தி ஏதாவது இருக்கும்.

வளர்ப்பு என்ற பெயரில் இவர்கள் சேர்த்திருக்கும் பக்கம் அதைவிடப் பலவீனம். வீட்டில் எத்தனையாவது பிள்ளை, பெற்றோர் என்ன வேலை பார்த்தார்கள், கண்டிப்பா செல்லமா என்று கேட்டு, தலைப்பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு, கடைக்குட்டிகளுக்குத் துணிச்சல் என்று எழுதித் தருகிறார்கள். 2015-இல் ஜூலியா ரோரர் உள்ளிட்ட மூவர் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மன நிதானம் ஆகிய எதிலும் பிறந்த வரிசையின் தாக்கம் தெரியவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்ததால் வரும் ஒற்றுமை வயது வந்தவர்களின் குணத்தில் சொற்பம் என்று ராபர்ட் பிளொமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். மரபு போக மீதி இருப்பதில் பெரும்பகுதி அவரவருக்கே உரிய அனுபவங்களின் பங்கு: அமைந்த ஆசிரியர், கூடிய நண்பர், பட்ட நோய், வாய்த்த முதல் மேலாளர். அந்தக் கடைசி ஒன்றில் அலுவலகத்துக்கே கை இருக்கிறது என்பதை அறிக்கை கண்டுகொள்ளவில்லை. போதாக்குறைக்கு, வேலை கொடுப்பவர் ஒருவருடைய வீட்டு விவரங்களைக் கேட்பது தேவையற்ற துருவல்.

உமிழ்நீர் மாதிரி கொடுத்தால் மரபணு வழியாகவும் குணத்தைச் சொல்கிறோம் என்று கூடுதல் சேவை ஒன்றும் விளம்பரக் கையேட்டில் உண்டு. இதற்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. தனித்தனி மரபணுவைப் பிடித்து மனநிலையைச் சொல்லும் முயற்சிகளின் கதி என்ன என்பதற்கு, மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்ட 18 மரபணுக்களை 2019-இல் ரிச்சர்ட் பார்டர் குழு மிகப் பெரிய தரவில் சோதித்து, அவற்றுக்குத் தனித்த முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று கண்டதே போதும். அமெரிக்காவில் வேலை கொடுப்பவர் மரபணுத் தகவலைக் கேட்பதையும், அதை வைத்து முடிவெடுப்பதையும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடை செய்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் இதைத் தொடக் கூடாது.

வாங்கலாமா என்று கேட்டால், சோதனையையும் பணியாளருக்கான 28 பக்க அறிக்கையையும் வாங்கலாம். தன்னைத் தானே படித்துக்கொள்ள அது நல்ல துணை. மொழி மரியாதையாக இருக்கிறது, யாரையும் மட்டம் தட்டவில்லை. விரும்பினால் மட்டும் மேலாளரிடம் காட்டும் உரிமை பணியாளருக்கு இருக்க வேண்டும். ஆள் எடுக்கவோ இடம் மாற்றவோ இதைத் தனியாக நம்ப வேண்டாம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் இதைவிட நன்றாக வேலை செய்யும். ஒருவரைப் பற்றிக் குறை சொல்லும் அறிக்கை வந்தால், முதலில் அவருடைய மேசைக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் அந்த வேலையில் இன்னொருவரைச் சில வாரம் அமர்த்திப் பாருங்கள்.

அந்த நிறுவனத்துக்கு எங்கள் குழு சார்பில் கடிதம் எழுதினேன். பிறந்த வரிசைப் பக்கத்தை எடுத்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். பிரிவுகளின் ஒப்பீட்டுத் திரையில் ஆலோசனை வரிகளை நிறுத்தி வைக்கவும் ஒப்புக்கொண்டார்கள். ‘மாறாத உள்ளியல்பு’ என்ற தலைப்பையும் அதன் கீழிருக்கும் பணியமர்த்தல் பரிந்துரையையும் எடுப்பதற்கு மட்டும் தயங்குகிறார்கள். மேலாளர்கள் விரும்பிக் கேட்பது அந்தப் பக்கத்தைத்தானாம். அதை நீக்கித் தராதவரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று என் பரிந்துரையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.